இவ்வளவு

பூஜ்ய நேரக் குலுக்கலில்
அக்கா பேர் விழுந்ததாக
டெல்லியிலிருந்து போன் வந்தபோது
தல்லாகுளம் ஆபீசில் கரண்ட் இல்லை.
நான் முந்தின ராத்திரியே அடித்து வைத்த குறிப்பில்
ஏழு கோரிக்கை.
நேரம், ஒன்றரை நிமிடம்.

போனிலேயே அடித்துக்கொண்டு வந்தார்.
விமான நிலைய ஓடுபாதை போச்சு.
எவர்சில்வர் பட்டறைக்காரர்களின் ஜிஎஸ்டி போச்சு.
வைகையில் கலக்கும் சாக்கடை
அடுத்த கூட்டத்தொடருக்கு ஓடியது.
தேறியது நூறு நாள் வேலைக்குப்
பதினாலு வாரமாய் வராத கூலி,
ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காமல்
வங்கி வாசலில் நிற்கிற பெண்கள்,
கடைசி வரியில் ஒரு சுரங்கப்பாதை.

அதையும் எடுத்துரவா அக்கா, என்றேன்.
உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் வெள்ளக்கரடு,
முந்நூறு வீடு.
கேட்டை மூடிவிட்டு ரயில்வே தோண்டிய பள்ளம்.
நாடு முழுக்கப் பார்க்கிற சபையில்
இதையா என்று எனக்கே கூச்சம்.
அக்கா கேட்டார்:
"அந்தக் கம்பு அங்கதான் கெடக்கா?"

பீரோவுக்குப் பின்னால் கிடந்தது.
ஐந்து மனு எழுதி
ஐந்து ரசீது வாங்கிய ஒச்சப்பன்
ஆறாவது தடவை கொண்டுவந்தது
ஆட்டுக்குத் தழை இழுக்கிற கம்பு.
ஒவ்வொரு மழைக்கும் அரிவாளால் ஒரு வெட்டு.
இது பால் வண்டி நின்ன அன்னைக்கு,
இது பிள்ளைக உடுப்ப அவுத்துத்
தலையில வச்சுக் கடந்த அன்னைக்கு.
உச்சி வெட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரலால் தடவிவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

அதை டெல்லிக்குக் கொண்டுபோகப் பார்த்து
விமானத்தில் ஏற்றவில்லை.
ஆயுதமாம்.

ராத்திரி ஏழே முக்கால்.
செல்போனில் பார்த்தேன்,
படம் நின்று நின்று சுற்றியது.
பேச்சியம்மாள் என்ற பேரை
அவைத்தலைவர் மூன்று துண்டாக்கிக் கூப்பிட்டார்.
கூலியையும் ரேகையையும் சொல்லி முடிக்கையில்
மணி அடித்துவிட்டது.
என் தாளை மடித்து வைத்துவிட்டு
"சுரங்கப்பாதையில இவ்வளவு தண்ணி நிக்குதுங்க"
என்று இடுப்பில் கையை வைத்துக் காட்டினார்.
"எனக்கு இடுப்பு. நாலாப்புப் பிள்ளைக்கு…"
மைக் அணைந்தது.
வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது.
அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வரும்போது
வடக்கே ஏதோ ஆற்றங்கரைத் தொகுதிக்காரர்,
எதிர் வரிசை,
வழியை மறித்து நின்றாராம்.
அவருக்குத் தமிழ் வராது
அக்காவுக்கு இந்தி வராது.
தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாராம்:
எங்க ஊரில் இவ்வளவு.
இரண்டு பேரும் சும்மா நின்றுவிட்டு
காருக்குப் போனார்களாம்.

மறுநாள் அவைப் பதிவில்
"இந்த அளவு நீர் தேங்குகிறது" என்றிருந்தது.
கை இல்லை. இடுப்பும் இல்லை.

ஏழு வாரம் கழித்து அமைச்சகக் கடிதம்.
மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட
'இந்த அளவு' என்பது எந்த அளவு என
மீட்டரில் தெரிவிக்கக் கோரப்படுகிறது.

சிரித்தேன். பிறகு கெட்ட வார்த்தை சொன்னேன்.
பிறகு கீழ்க்கடை டெய்லர் ஜமாலிடம்
டேப் வாங்கிவந்து கம்பைச் சுவரில் சாய்த்தேன்.
அக்கா காட்டிய வெட்டு தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
உச்சி வெட்டு நூற்று முப்பத்தொன்று.
அந்த உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது
ஜமால் மகன் டேப்பைத் திருப்பிக் கேட்டு வந்தான்.
கோட்டுக்குக் கீழே நின்றான்.

பதிலை அடித்துக்கொண்டிருக்கையில்
ஒச்சப்பன் போன்.
"தம்பி, அந்தக் கம்பக் குடுத்து விடுங்க.
மேக்க இருட்டிக்கிட்டு வருது.
அளக்கணும்ல."

ஒன்று புள்ளி மூன்று ஒன்று மீட்டர்
என்று அடித்திருந்தேன்.
பின்னால் போய்ச் சேர்த்தேன்:
நாளது தேதி வரை.